கார் வாஷர் ஜெட்டில் தண்ணீர் வரவில்லையா? ஊசியை எடுப்பதற்கு முன் டேங்கைப் பாருங்கள்

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் அபார்ட்மென்ட்டில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது. ஆறு வருடப் பழைய ஹேட்ச்பேக் கார். வாஷர் லீவரை இழுத்தால் ஓட்டுநர் பக்கத்து ஜெட்டில் சொட்டுத் தண்ணீர்கூட வருவதில்லை. இன்னொரு பக்கத்தில் கண்ணாடிக்கு எட்டாமல் பானெட்டிலேயே வழிந்துவிடுகிறது. குண்டூசியால் குத்திப் பார்த்தாராம், ரெண்டு நாள் நன்றாக வந்து மறுபடி நின்றுவிட்டது. சர்வீஸில் கேட்டதற்கு மோட்டார், நாஸில், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்கிறார்.

முடியும். உங்கள் காரில் மோட்டார் போகவில்லை என்பது நீங்கள் சொன்னதிலேயே தெரிகிறது. ஒரு பக்கம் கொஞ்சமாவது தண்ணீர் வருகிறது என்றால் மோட்டார் சுற்றுகிறது. குத்தியதும் ரெண்டு நாள் நன்றாக வந்தது என்றால் தண்ணீரைத் தள்ளும் பலமும் அதற்கு இருக்கிறது. அப்புறம் அதை ஏன் மாற்ற வேண்டும்? யோசிக்க வேண்டியது, குத்திய பிறகும் ஏன் அடைத்துக்கொண்டது என்பதைத்தான். அடைப்பு தெரிவது ஜெட்டின் வாயில், அழுக்கு வருவது டேங்கிலிருந்து. வெளியிலிருந்து ஊசி போட்டால் வாயில் இருந்த துணுக்கு உள்ளே விழுகிறது. அடுத்த தடவை லீவரை இழுக்கும்போது தண்ணீரோடு அதே துணுக்கு வந்து அதே ஓட்டையில் உட்கார்ந்துகொள்கிறது. டேங்க் வரை போய்க் கழுவாத வரைக்கும் இந்தக் கதை முடியாது.

நான் அல்சூரில் கார் வேலை பார்க்கிறவன். வாஷர் வேலை செய்யாமலே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை வாராவாரம் பார்க்கிறேன். "அதுக்கென்ன அண்ணா, துடைச்சுக்கலாம்" என்று சொல்வார்கள். ஏப்ரல், மே மாதத்தில் பெங்களூரில் பெய்கிற முதல் தூறலில் அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். மழை கண்ணாடியைக் கழுவும் அளவுக்குப் பெய்யாது, ஆனால் ரோட்டுப் புழுதியைச் சேறாக்கி உங்கள் கண்ணாடியில் அடிக்கும் அளவுக்குப் பெய்யும். வாஷர் தண்ணீர் இல்லாமல் வைப்பரைப் போட்டால் அந்தச் சேறு கண்ணாடி முழுக்க மெழுகிவிடும். அதில் இருக்கும் மணல் துகள் வைப்பர் ரப்பரில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் அரை வட்டமாகக் கீறல் போடும். பகலில் அந்தக் கீறல் தெரியாது. ராத்திரி எதிர் வண்டியின் லைட் அடிக்கும்போதுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரிலிருந்து திரும்புகிறவர்களுக்கும் இது புரியும். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் நோக்கி வரும்போது வெயில் நேரே முகத்தில் அடிக்கும், கண்ணாடி முழுக்கப் பூச்சி. அந்த நேரத்தில் ஜெட் வரவில்லை என்றால் முன்னே போகிற வண்டியே மங்கலாகத்தான் தெரியும். இது சின்ன வேலைதான், ஆனால் தள்ளிப்போடுகிற வேலை இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள். வீட்டில் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். சாவியை ஆன் நிலையில் வைத்தால் போதும், என்ஜின் ஓட வேண்டாம். முதலில் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சொன்னால் சிரிக்கத் தோன்றும், ஆனால் தண்ணீர் தீர்ந்துபோய் வருகிற வண்டிகளும் உண்டு.

இப்போது அவர் லீவரை இழுக்கட்டும், நீங்கள் காதைக் கொடுங்கள். முன்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்தோ பம்பருக்குப் பின்னாலிருந்தோ 'ஊம்' என்று ஒரு சத்தம் வரும். அது வந்தால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. சத்தம் வந்தும் ஜெட்டில் தண்ணீர் வராமல், சக்கரத்துக்குப் பின்னால் தரையில் ஈரம் தெரிந்தால் ஹோஸ் எங்கோ கழன்றிருக்கிறது அல்லது எலி கடித்திருக்கிறது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளில் எலிக்கடி சர்வ சாதாரணம். சத்தமே இல்லை என்றால் அது மின்சார வேலை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சத்தம் வருகிறது, தரையில் ஈரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பானெட்டைத் தூக்குங்கள். ஜெட் பானெட்டிலேயே இருக்கும் வண்டிகளில், அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்பு மெத்தையின் ஓரத்துக் கிளிப் இரண்டு மூன்றைக் கழற்றினால் ஜெட்டின் அடிப்பாகமும் அதில் செருகியிருக்கும் மெல்லிய கறுப்பு ஹோஸும் தெரியும். சில வண்டிகளில் கண்ணாடிக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் பட்டையில் ஜெட் இருக்கும், சிலவற்றில் வைப்பர் கையிலேயே இருக்கும். எங்கே இருந்தாலும் முறை ஒன்றுதான். அடைத்த ஜெட்டிலிருந்து ஹோஸைக் கழற்றுங்கள். அதன் வாயை ஒரு டம்ளருக்குள் விட்டு, லீவரை இழுக்கச் சொல்லுங்கள்.

டம்ளரில் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் அடைப்பு ஜெட்டில் மட்டும்தான். தண்ணீர் மெல்ல வடிந்தால் அடைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. அப்போது ஹோஸைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போங்கள். ஹோஸ் இரண்டாகப் பிரியும் இடத்தில் டி வடிவத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் இணைப்பு இருக்கும். அங்கே கழற்றி இதே சோதனையைச் செய்யுங்கள். அங்கேயும் பலம் இல்லை என்றால் மோட்டாரின் வாயருகே கழற்றிப் பாருங்கள். இந்த டம்ளர் சோதனைக்குப் பத்து நிமிஷம் ஆகும், ஆனால் எந்தச் சாமானை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டாம் என்பதை இது மட்டும்தான் சரியாகச் சொல்லும். உங்கள் சர்வீஸில் மூன்றையும் மாற்றச் சொன்னார்களே, அவர்கள் இதைச் செய்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டம்ளரில் விழுந்த தண்ணீரையும் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக நூல் நூலாக ஏதாவது மிதக்கிறதா? விரலில் எடுத்தால் வழுவழுப்பாக இருக்கிறதா? அது பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த படலம். மாதக்கணக்கில் டேங்கில் நின்ற தண்ணீரில் வளர்ந்து ஹோஸின் உள்சுவரில் ஒட்டி, பிய்ந்து பிய்ந்து வருவது. வெள்ளையாகப் பொடி போல அடியில் தங்கினால் அது உப்பு. பெங்களூர் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இந்த உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒயிட்ஃபீல்ட் பக்கம் இதுதான் பெரிய எதிரி. இங்கே பல அபார்ட்மென்ட்களில் வருவது போர்வெல் தண்ணீர், இல்லாவிட்டால் டேங்கர் லாரித் தண்ணீர். லாரித் தண்ணீரும் எங்கோ ஒரு போர்வெல்லில் எடுத்ததாகத்தான் இருக்கும். ஆழத்தில் பாறை இடுக்கில் நெடுநாள் கிடந்த தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. உங்கள் வீட்டுக் குழாய் வாயிலும் ஷவரிலும் வெள்ளைப் பக்கு பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் அதே பக்குதான் வாஷர் ஜெட்டிலும்.

ஜெட்டின் ஓட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. லீவரை விட்டதும் அந்த ஓட்டையில் கடைசிச் சொட்டு நிற்கும். கீழே என்ஜின் சூடு, மேலே வெயில். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை சுருங்கும். லென்ஸ் வைத்தோ போன் கேமராவில் பெரிதாக்கியோ பாருங்கள், ஓட்டையைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்று தெரியும். அது கல் போல இறுகியிருப்பதால் ஊசி அதன் நடுவில் ஒரு வழி மட்டும் போடும், வளையம் அப்படியே இருக்கும். உங்களுக்கு ரெண்டு நாள் வந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுண்ணாம்பு உப்புக்கு மருந்து புளிப்பு. கடையில் விற்கும் வெள்ளை வினிகர் போதும். இல்லாவிட்டால் எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் ஒரு டீஸ்பூனை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாறு பிழிந்து ஊற்றாதீர்கள், அதில் உள்ள சக்கை இன்னொரு அடைப்பாக முடியும். பாத்ரூம் கழுவும் ஆசிட் பக்கமே போக வேண்டாம். அது பெயின்ட்டைத் தின்னும், ஜெட்டில் உலோகக் குண்டு இருந்தால் அதையும் தின்னும். ப்ளீச்சிங் பவுடரையும் வினிகரையும் ஒன்றாகச் சேர்த்தால் விஷ வாயு வரும், அதுவும் கூடாது.

ஜெட்டைக் கழற்றுவது வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். பெரும்பாலும் அடிப்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் காதுகள் இருக்கும். அவற்றை விரலாலோ மூக்குக் குறடாலோ உள்பக்கம் அழுத்தி, மேலே தள்ளினால் வந்துவிடும். மேலேயிருந்து ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீர்கள். பானெட் பெயின்ட் பெயர்ந்துவிடும், பழைய பிளாஸ்டிக் காதும் உடைந்துவிடும். கழற்ற வரவில்லை என்றால் முரட்டுத்தனம் வேண்டாம், இருந்த இடத்திலேயே வைத்தும் வேலை செய்யலாம்.

கழற்றிய ஜெட்டை ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான வினிகரில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். கொதிக்கிற சூடு கூடாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும். உப்பு இருந்தால் சின்னச் சின்னக் குமிழி ஏறுவதைப் பார்க்கலாம். சுண்ணாம்பு கரையும்போது வாயு வெளியேறுகிறது என்று அர்த்தம். குமிழி நின்றதும் எடுத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

அடுத்து மருந்துக் கடையில் 10 மில்லி அல்லது 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஊசி வேண்டாம். ஹோஸ் மாட்டும் பக்கமாக அதை வைத்துத் தண்ணீரைத் தள்ளுங்கள். சிரிஞ்சின் மூக்கு சரியாகப் பொருந்தவில்லை என்றால் இரண்டு அங்குல ரப்பர் டியூப் ஒன்றை நடுவில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் முடிந்தால் எதிர்த் திசையிலும் தள்ளுங்கள், ஓட்டைப் பக்கமிருந்து உள்நோக்கி. உள்ளே மாட்டிய துணுக்கு வந்த வழியே வெளியேற அதுதான் நல்ல வழி. ஹோஸ் மாட்டியிருக்கும்போது இப்படிச் செய்தால் அழுக்கு மறுபடி ஹோஸுக்குள்தான் போகும், அதனால் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். சில ஜெட்டுகளுக்குள் ஒருவழி வால்வு இருக்கும். முன்னோக்கித் தண்ணீர் போய், பின்னோக்கிப் போகவே இல்லை என்றால் அது வால்வின் குணம். அடைப்பு என்று நினைத்து முழு பலத்தையும் போட்டு அதை உடைத்துவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்து இன்னும் ஓட்டை திறக்கவில்லை என்றால்தான் கம்பி. அதற்கும் முன்னால் உங்கள் ஜெட் எந்த ரகம் என்று பாருங்கள். பழைய ரகத்தில் சின்ன உலோகக் குண்டு ஒன்று கண் போல இருக்கும், அதன் நடுவில் ஓட்டை, தண்ணீர் ஒரே கோடாகப் பாயும். இதில் மின்வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றை உருவி எடுத்து மெதுவாக விடலாம். செம்பு மென்மையானது, ஓட்டையைப் பெரிதாக்காது. புது வண்டிகளில் பல விசிறி போலத் தண்ணீரைத் தூவும் ரகம். அதன் உள்ளே தண்ணீரைச் சுழற்றிப் பரப்புவதற்கென்று நுணுக்கமாக வார்த்த பிளாஸ்டிக் அறை இருக்கிறது. அதில் குண்டூசி விட்டுக் கீறினால் விசிறி கலைந்து ஒரு பக்கமாகப் பீய்ச்சும், அப்புறம் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. இந்த ரகத்துக்கு ஊறப்போடுவதும் சிரிஞ்சும் மட்டும்தான். பழைய பல் துலக்கும் பிரஷால் வெளிவாயைத் தேய்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

டயர் கடையில் காற்று அடித்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஜெட்டைத் தனியாகக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிள் பம்பு அளவு காற்று விட்டால் தவறில்லை. ஹோஸ் மாட்டியிருக்கும்போது கடை கம்ப்ரஸரை வைத்தால் உள்ளே எங்கோ இணைப்பு கழன்றுகொள்ளும், அதைத் தேடி பம்பரைப் பிரிக்க வேண்டி வரும்.

ஹோஸ் விஷயம் சுருக்கமாக. பெங்களூர் வெயில் சென்னை வெயில் இல்லைதான், ஆனாலும் என்ஜின் சூட்டில் ஆறு வருடத்தில் ஹோஸின் முனை விறைத்துப்போய் பிடிப்பு விட்டிருக்கும். இழுத்துப் பிய்க்காமல் முனையில் வெந்நீர் ஊற்றிய துணியைச் சுற்றினால் இளகி வரும். மாட்டும்போது விறைத்த முனையை அரை அங்குலம் வெட்டிவிட்டு மாட்டுங்கள். எலி கடித்திருந்தால் அந்தத் துண்டை மாற்றியாக வேண்டும், டேப் சுற்றுவது நிற்காது. ஜே.சி. ரோட்டில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் வாஷர் ஹோஸ் அடிக்கணக்கில் கிடைக்கும். அவசரத்துக்கு மீன் தொட்டிக் கடையில் விற்கும் காற்று டியூபும் பல வண்டிகளுக்குப் பொருந்தும், ஆனால் அது சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும். ஹோஸின் நடுவில் அம்புக்குறி போட்ட சின்ன உருளை ஒன்று தென்பட்டால் அதுவும் ஒருவழி வால்வுதான். தண்ணீர் டேங்குக்கே திரும்பிப் போய்விடாமல் தடுப்பது அதன் வேலை. அம்பு ஜெட்டைப் பார்த்திருக்க வேண்டும், திருப்பி மாட்டினால் ஒரு சொட்டும் வராது.

இப்போது டேங்க். நிறையப் பேர் ஜெட்டில் தண்ணீர் வந்ததும் பானெட்டை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிரச்சினையே அங்கேதான் மறுபடி ஆரம்பிக்கிறது. உங்கள் அளவு காரில் டேங்க் பெரும்பாலும் 2 முதல் 4 லிட்டர் பிடிக்கும், பம்பருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். அதைக் கழற்ற வேண்டாம். மூடியைத் திறந்து, மெல்லிய டியூபை அடி வரை விட்டு, சிரிஞ்சால் இழுத்து ஆரம்பித்துவிட்டால் தண்ணீர் தானாகவே கீழே வைத்த பக்கெட்டில் இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம். டேங்க் வாயில் வடிகட்டி வலை இருந்தால் எடுத்துத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் பங்கு வினிகர் கலந்து ஊற்றி, ஹோஸ் முனைகளை ஜெட்டில் மாட்டாமல் பக்கெட்டில் விட்டுக்கொண்டு லீவரை இழுங்கள். முதலில் கறுப்பும் வெள்ளையுமாக வரும். அரை மணி நேரம் ஊறவிட்டு மறுபடி இழுங்கள். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி, வருவது கண்ணாடி போலத் தெளிவாகும் வரை இதையே திருப்பிச் செய்யுங்கள். வினிகர் பானெட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. லீவரை ஒரே மூச்சில் இழுத்துப் பிடிக்காதீர்கள். பத்து வினாடிக்கு மேல் வேண்டாம், கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடி இழுங்கள். இந்தச் சின்ன மோட்டாருக்குக் குளிர்ச்சி தருவதே அதன் வழியாகப் போகும் தண்ணீர்தான். காலி டேங்கில் ஓட்டினால் சீக்கிரம் கருகிவிடும்.

டேங்கும் கழுவி, மோட்டார் வாயிலும் பலம் குறைவாகவே இருந்தால், மோட்டார் டேங்கில் செருகியிருக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தில் ஒரு சின்ன வலை இருக்கும், அது அடைத்திருக்கலாம். அதை எட்ட சக்கரத்தைத் திருப்பி, உள்பக்கத்து பிளாஸ்டிக் தடுப்பைப் பாதி கழற்ற வேண்டும். கை பழகியவர்களுக்கு இது ஒரு மணி நேர வேலை. பழக்கம் இல்லை என்றால் இதை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் "இன்லெட் வலையைக் கழுவித் தாருங்கள்" என்று சொல்லி விடுங்கள், "வாஷர் வரவில்லை" என்று சொல்லி விடாதீர்கள்.

எல்லாம் மாட்டியதும் திசை பார்க்க வேண்டும். குண்டு ரகத்தில் தண்ணீர், வைப்பர் துடைக்கும் பரப்பின் நடுவுக்குச் சற்று மேலே விழுவது போல ஊசி முனையை ஓட்டையில் லேசாக வைத்துத் திருப்புங்கள். வண்டி நிற்கும்போது சரியாக விழுவது 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அழுத்திக் கீழே இறங்கிவிடும். அதனால்தான் சற்று மேலே. விசிறி ரகத்தில் பெரும்பாலும் திருப்ப எதுவும் இருக்காது. சிலவற்றில் மட்டும் சின்ன ஸ்க்ரூ இருக்கும்.

இனி என்ன ஊற்றுவது என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஆர்.ஓ. பில்டரின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் பக்கெட்டில் பிடித்து வைக்கும் நல்ல பழக்கம் இங்கே பல வீடுகளில் இருக்கிறது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. தரை துடைக்க, கார் சக்கரம் கழுவ அந்தத் தண்ணீர் சரி. வாஷர் டேங்கில் மட்டும் ஊற்றாதீர்கள். உப்பையெல்லாம் பிரித்து ஒதுக்கித் தள்ளிய தண்ணீர் அது, சாதாரணக் குழாய்த் தண்ணீரைவிட அதிகமாகப் பக்கு பிடிக்கும். டேங்குக்கு வேண்டியது ஆர்.ஓ.வின் நல்ல பக்கத்துத் தண்ணீர், மாதத்துக்கு இரண்டு மூன்று லிட்டர். அதை ஊற்ற மனம் வரவில்லை என்றால் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், அல்லது மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீரை நல்ல துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். காவேரி தண்ணீர் நேராக வரும் வீடுகளில் அதுவே போதும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, ஆனால் தூசியும் வழுவழுப்பும் சேர்ந்தே வரும். நான் ஊற்றச் சொல்ல மாட்டேன்.

பாத்திரம் துலக்கும் லிக்விட், தலைக்குப் போடும் ஷாம்பு, துணி சோப்புத் தூள் எதுவும் வேண்டாம். சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் வெள்ளையாகத் திரியும். குளிக்கும் பக்கெட்டின் ஓரத்தில் ஒட்டுமே, அந்தப் பிசுக்கு. ஹோஸுக்குள் அது ஒட்டினால் அதன்மேல் பாசி பிடிக்கும். ஷாம்பு நுரை கண்ணாடியில் காய்ந்து வெயிலில் மினுமினுக்கும். கார் கடைகளில் விற்கும் வாஷர் லிக்விட் வாங்கி, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி கலப்பதுதான் சரி. பூச்சிக் கறை போவதோடு, நிற்கிற தண்ணீரில் நுண்ணுயிர் வளர்வதையும் அது குறைக்கும். பிரிட்டனில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, வாஷர் டேங்கில் லிக்விட் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவதற்கும் லீஜியோனேர்ஸ் என்ற நுரையீரல் தொற்றுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. ஜெட் தூவும் சாரலைக் காருக்குள் இருப்பவர்களும் சுவாசிக்கிறோம் என்பதால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பனி உறையும் நாடுகளுக்கான மெத்தனால் கலந்த வகை நமக்குத் தேவையே இல்லை. பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த குளிரே 1884 ஜனவரியில் 7.8 டிகிரிதான். மெத்தனால் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்க வேண்டாம். இன்னொன்று, பானெட்டுக்குள் கூலன்ட் டேங்கும் பக்கத்திலேயே இருக்கும். கண்ணாடியும் நீர்த்தூவலும் வரைந்த மூடிதான் வாஷர் டேங்க், பார்த்து ஊற்றுங்கள்.

காலையில் அபார்ட்மென்ட்டில் கார் துடைக்க வரும் பையனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஒரே பக்கெட் தண்ணீரில் பல கார்களைத் துடைத்த துணியால் ஜெட்டின் மேல் அழுத்தித் தேய்த்தால் புழுதி நேரே ஓட்டைக்குள் போகும். பாலிஷ் போடுகிறவர்கள் மெழுகை அதில் அப்பிவிடுவதும் உண்டு. புங்கை மரத்துக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கும் அடியில் நிற்கும் வண்டி என்றால் கண்ணாடி அடியில் சேரும் சருகை வாரம் ஒரு முறை கையால் அள்ளிப் போடுங்கள்.

லீவரை இழுத்தும் சத்தமே வராதவர்களுக்கு: முதலில் ஃப்யூஸ் பெட்டி மூடியில் உள்ள படத்தைப் பார்த்து வாஷர் ஃப்யூஸைச் சோதியுங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் அளவில் மட்டும் மாற்றுங்கள். ஃப்யூஸ் நன்றாக இருந்தால் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நெடுநாள் ஓடாமல் இறுகிப்போன மோட்டார், ஒருவர் லீவரை இழுக்க இன்னொருவர் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் சுற்ற ஆரம்பிப்பதும் உண்டு. அதற்கும் அசையவில்லை என்றால் மோட்டார் மாற்ற வேண்டியதுதான், பெரிய செலவு இல்லை.

உங்களுடையது ஹேட்ச்பேக் என்பதால் பின்கண்ணாடி ஜெட்டையும் ஒரு தடவை பாருங்கள். பல வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மோட்டார்தான். ஒரு பக்கம் சுற்றினால் முன்னால் தண்ணீர், எதிர்ப்பக்கம் சுற்றினால் பின்னால். பின்னால் நன்றாக வருகிறது என்றால் மோட்டார் நலமாக இருப்பதற்கு இன்னொரு சாட்சி அது. பின்னால் வராமல், டிக்கிக் கதவின் கீல் பக்கம் கூரைத் துணி ஈரமாக இருந்தால் அங்கே ஹோஸ் கழன்றோ விரிந்தோ இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை பின் வாஷரைப் போடாதீர்கள். தண்ணீர் கூரைக்குள் இறங்கி அங்கே ஓடும் வயர்களில் போய் நிற்கும்.